வாசனை வந்தால் வண்டியை நிறுத்துங்கள்

பழைய கார் என்றால் கொஞ்சம் பெட்ரோல் வாசனை அடிக்கத்தான் செய்யும் என்று சொல்கிறவர்களோடு இத்தனை வருடமாக வாதாடிக்கொண்டிருக்கிறேன். ஆலையை விட்டு வெளியே வந்த அன்று எந்தக் காரும் பெட்ரோல் நாறவில்லை. இன்று நாறுகிறது என்றால் எங்கோ ஒரு ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறது, ஒரு வாஷர் நசுங்கியிருக்கிறது, இல்லையென்றால் டேங்கின் அடித்தகட்டைத் துரு தின்றிருக்கிறது. அந்த இடத்தைத் தேடினால் கிடைக்கும். கிடைத்தால் சரிசெய்யலாம். தேடாமல் ஓட்டிக்கொண்டிருந்தால் என்றைக்காவது சிக்னலில் நிற்கும்போது பானெட்டுக்கு அடியிலிருந்து புகை கிளம்பும். அப்படி எரிந்துபோன வண்டிகளை என் கொட்டகை வாசலில் இறக்கி, "ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் செய்ய முடியாது.

நான் தொழில் பழகியது ஸ்டாண்டர்டு ஹெரால்டில். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் சுமார் பத்து ஆண்டுகள் அந்த வண்டியைச் செய்தார்கள். அதன் அசல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து டிரையம்ஃப் கம்பெனி 1959-இல் வெளியிட்ட ஹெரால்டு. நான் கொட்டகையில் சேர்ந்தபோது புது ஹெரால்டு வருவது நின்றுபோயிருந்தது. ஆனால் டாக்டர்களும் வக்கீல்களும் பழைய ஹெரால்டை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாகத் தூக்கிக்கொள்ளும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். மெக்கானிக்குக்கு இவ்வளவு வசதி பண்ணிக்கொடுத்த வண்டி வேறு கிடையாது.

அந்த ஹெரால்டின் சேஸைக் குட்டையாக்கி, அதன் மேல் இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த பாடியை வைத்தால் அதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962-இல் லண்டன் கார் கண்காட்சியில் வந்தது. கடைசி வண்டி 1980-இல் வெளியேறியது. ஹெரால்டின் வீல்பேஸ் 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயருக்கு 83. இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜோவான்னி மிக்கெலோட்டி. முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் ரேக் எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்தவை. அதனால் ஹெரால்டில் கை பழகியவனுக்கு ஸ்பிட்ஃபயர் அந்நிய வண்டி ஆகாது. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் கட்டிங் வீலை எடுத்தால் வண்டி போய்விடும். அது துரு சங்கதி, பின்னால் வருகிறேன்.

நான் சொல்லப்போகும் வண்டி சிவப்பு நிற ஸ்பிட்ஃபயர் மார்க் 3. 1296 சிசி இன்ஜின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். வண்டிக்காரரின் அப்பா ஊர் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் வாங்கியது. பெசன்ட் நகரில் கடல் காற்று நேராக வந்து மோதும் போர்ட்டிகோவில் ஆண்டுக்கணக்காக நின்றிருக்கிறது. அப்பா காலமான பிறகு மகனுக்கு அதை ஓட்டவேண்டும் என்று ஆசை வந்தது. கயிறு கட்டி இழுத்து வந்தார்.

"மகள் கல்யாணத்துக்குள்ளே பெயிண்ட் அடிச்சுக் குடுத்திடுங்க மேஸ்திரி. பொண்ணு மாப்பிள்ளை இதிலேதான் வரணும்."

"பெயிண்ட் கடைசி சார். பெட்ரோல் முதல்லே, அப்புறம் தகடு. அது ரெண்டும் முடிஞ்சாத்தான் பெயிண்டரைக் கூப்பிடுவேன்."

அவர் முகம் வாடியது. எல்லா வண்டிக்காரர்களுக்கும் இந்த இடத்தில் முகம் வாடும். ஆனால் இந்த வரிசையை நான் யாருக்காகவும் மாற்றுவதில்லை. ஒழுகும் வண்டிக்குப் பக்கத்தில் வெல்டிங் வைக்க முடியாது. வெல்டிங் முடியாமல் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பெயிண்டே கொப்புளமாக எழும்பும்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் தேட ஆரம்பிப்போம். தேடுவதில் அவசரம் கூடாது. பெட்ரோல் ஒழுகிய இடம் உடனே காய்ந்துவிடும், ஆனால் மஞ்சளும் பழுப்புமாக ஒரு பிசின் கறையை விட்டுப்போகும். முதலில் அந்தக் கறையை மட்டும் பார்க்க வேண்டும், எதையும் துடைக்கக் கூடாது. பார்த்து முடித்த பிறகு எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, சந்தேகமுள்ள ஒவ்வொரு மூட்டிலும் சாக்பீஸ் தூளைத் தடவிவிடுவேன். பம்பைக் கையால் அடித்து லைனில் பெட்ரோல் ஏற்றினால் ஈரம் பட்ட தூள் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். செலவில்லாத பரிசோதனை, பொய் சொல்லாத பரிசோதனை.

இந்த வண்டியில் பெட்ரோல் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. ஸ்பிட்ஃபயரின் டேங்க் டிக்கியின் தரையில் படுத்திருக்காது. சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் நின்ற வாக்கில் இருக்கும், சுமார் 37 லிட்டர் பிடிக்கும். சீட்டில் உட்கார்ந்திருப்பவர் முதுகுக்கும் அந்த டேங்குக்கும் நடுவில் இருப்பது ஓர் அட்டைத் தடுப்பு. இந்த ஒரு விவரம் தெரிந்தவர் யாரும் "கொஞ்சம் வாசனைதானே" என்று சொல்லமாட்டார். மேலே பெட்ரோல் மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் குட்டை ரப்பர் ஹோஸ் விரல் வைத்தால் பொடியாக உதிர்ந்தது. டேங்க் நிறைந்திருக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் மட்டும் வாசனை வருகிறது என்றால் பெரும்பாலும் இந்த ஹோஸ்தான், அல்லது கேஜ் யூனிட்டின் கார்க் வாஷர். அவை இரண்டையும் மாற்றுவது சின்ன வேலை.

பம்ப் அடுத்தது. இன்ஜின் பக்கவாட்டில் உட்கார்ந்து கேம்ஷாஃப்டால் இயங்கும் ஏ.சி. பம்ப். யாரோ ஹெரால்டு பம்பையே மாட்டியிருந்தார்கள், அது பொருந்தும். இந்த மாதிரிப் பம்பில் டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் வெளியே சொட்டவேண்டும் என்று அவசியமில்லை. உள்ளே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு கூடிக்கொண்டே போகும், வண்டிக்காரர் ஆயில் குடிக்காத நல்ல இன்ஜின் என்று சந்தோஷப்படுவார். டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் டயாப்ரம் போய்விட்டது. ஆயில் தண்ணியாகி பேரிங்கும் போகும், சம்ப்பில் ஆவியும் சேரும்.

பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் காப்பிப்பொடி மாதிரி பழுப்பாக ஒரு படிவு. பெட்ரோல் ஒழுக்கும் துருவும் வேறு வேறு கேஸ் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கிண்ணத்தைத்தான் காட்டுவேன். அது டேங்குக்குள் உதிர்ந்த துரு. அதில் ஒரு துணுக்கு கார்புரேட்டர் வரை போய் ஃப்ளோட் கிண்ணத்தின் நீடில் வால்வில் உட்கார்ந்தால் வால்வ் மூடாது. பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும், கிண்ணம் நிறைந்து வழியும். வழிந்து எங்கே விழும்? இந்த டிரையம்ஃப் இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் மேலே, பழுக்கக் காய்ந்த மேனிஃபோல்டு நேர் கீழே. டேங்கில் பிடித்த துரு இன்ஜினில் தீயாக வருவது இப்படித்தான்.

எஸ்.யூ. கார்புரேட்டர் பற்றி ஒரு வார்த்தை. இது எனக்குப் பிடித்த கருவி. ஒரு ஜெட், அதில் ஏறி இறங்கும் ஓர் ஊசி, அதைத் தூக்கும் ஒரு பிஸ்டன், அவ்வளவுதான். ஸ்பிட்ஃபயரில் இருப்பது எச்.எஸ்.2 வகை. ஃப்ளோட் கிண்ணத்தின் அடியிலிருந்து ஜெட்டுக்கு ஒரு மெல்லிய நைலான் குழாய் போகும். சோக்கை இழுக்கும்போது ஜெட் கீழே இறங்கும், குழாயும் கூடவே வளைந்துகொடுக்கும். எத்தனையோ வருடம் வளைந்து நிமிர்ந்த பிறகு, கிண்ணத்தில் அது நுழையும் இடத்தில் ஸ்லீவ் நட்டுக்குள் இருக்கும் குட்டி ரப்பர் சீல் விட்டுவிடும். அங்கே ஒழுகுவது சொட்டாகத் தெரியாது. குழாயின் அடியில் எப்போதும் ஒரு ஈரம் மினுமினுக்கும், தொட்டால் விரல் ஜில்லென்றிருக்கும். நிறையப் பேர் ஸ்பானரைப் போட்டு நட்டை இறுக்குகிறார்கள். இறுக்க இறுக்க சீல் பிதுங்கும், ஒழுக்கு கூடும். ஜெட்டும் குழாயும் சேர்ந்து ஒரே உருப்படியாகக் கிடைக்கிறது. புதிதாகப் போட்டு நட்டை இதமாக இறுக்கினால் போதும்.

ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பார்க்க வேண்டும். பித்தளை ஃப்ளோட்டாக இருந்து உள்ளே களக் களக் என்று சத்தம் கேட்டால் ஓட்டை. வெந்நீரில் முக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். நீடில் வால்வின் கூர்முனையை நகத்தால் தடவினால் வளையம் தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் தூக்கிப் போடுங்கள். இன்னொன்று, ஏ.சி. பம்ப் கிடைக்கவில்லை என்று ஏதாவது எலெக்ட்ரிக் பம்பை மாட்டிவிடுகிறார்கள். எஸ்.யூ. நீடில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் தாங்காது. பலமான பம்ப் வைத்தால் நல்ல நீடிலையும் மீறிக்கொண்டு வழியும்.

இப்போது டேங்க். அதைக் கழற்றி வெளியே எடுத்துப் பையன்கள் குலுக்கியபோது உள்ளே செதில் செதிலாக ஓடியது. அடித் தையலுக்கு ஒட்டினாற்போல் ஈரக் கசிவு. அதன் மேல் ஏற்கெனவே யாரோ பார் சோப்பைத் தேய்த்து, அதற்கு மேல் எம்-சீல் வைத்து அமுக்கியிருந்தார்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது. நடுவழியில் ஓட்டை விழுந்தால் வீடு வந்து சேர அது உதவும், நானும் மறுக்கமாட்டேன். ஆனால் வீடு வந்து சேர்ந்ததும் டேங்கை இறக்க வேண்டும்.

காலி டேங்க்தான் ஆபத்து. நிறைந்த டேங்கில் காற்று இல்லை. காலியாகத் தெரியும் டேங்கில் பெட்ரோல் ஆவியும் காற்றும் சரியான கலவையில் இருக்கும், ஒரு பொறி போதும். இதில் கை இழந்தவரைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அதனால் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தங்கும். ஒழுகும் வண்டியை நான் அடியில் நின்று வேலை பார்க்கும் பிட்டின் மேல் நிறுத்துவதே இல்லை. கம்பிக்கூண்டுக்குள் குண்டு பல்பு மாட்டிய கைவிளக்கை எங்கள் கொட்டகையிலிருந்து எடுத்து வெகுநாளாகிறது. அது கீழே விழுந்து பல்பு உடைந்தால் உள்ளே கனலும் இழையே பற்றவைத்துவிடும். பவுடர் தீயணைப்பானும் மணல் வாளியும் கை எட்டும் தூரத்தில் இருக்கும். வெல்டிங் மெஷின் ஓடும் நாளில் டேங்க் அந்தக் கொட்டகைக்குள்ளேயே இருக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை மீறியவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

டேங்கைச் சோப்புத் தண்ணீராலும் வெந்நீராலும் பலமுறை கழுவி, உள்ளே ஒரு துண்டுச் சங்கிலியைப் போட்டுக் குலுக்கிச் செதில்களை உதிர்த்தோம். பிறகு மொலாசஸ். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். நிரப்பி இரண்டு வாரம் வைத்துவிட்டால் துருவை மட்டும் தின்னும், நல்ல இரும்பைத் தொடாது. நாற்றம் தாங்காது, அண்டை வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் ஆசிட் ஊற்றித் தகட்டை மெலியவைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஒரு எச்சரிக்கை: அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் இது அரித்துவிடும். கார்புரேட்டரையோ பம்பையோ இதில் போடவே கூடாது. கழுவியெடுத்த டேங்க் சென்னைக் காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி சிவக்கத் தொடங்கும். நன்றாகக் காயவைத்து உடனே உட்புறம் முழுக்க ஆயில் படும்படி உருட்டிவிட வேண்டும்.

துரு போனதும், அதுவரை துருவே அடைத்துக்கொண்டிருந்த ஊசி ஓட்டைகள் வெளியே வரும். மொலாசஸுக்கு முன்னால் பற்றுவைப்பது வீண் என்பது அதனால்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில் ஓட்டைகள் எல்லாம் தையலோரம் ஒரு சாண் நீளத்துக்குள் இருந்தன, சுற்றிலும் தகடு கெட்டியாக இருந்தது. எரிகிற கேஸைக் கிட்டே கொண்டுபோகாமல் பழைய முறையில் ஈயப்பற்று வைத்தோம். ஆயிலை மறுபடி கழுவியெடுத்து, பற்றுவைக்கும் இடத்துக்கு மட்டும் கொஞ்சம் விட்டுவிட்டு டேங்கில் தண்ணீர் நிரப்பிக்கொள்வோம். கனத்த செம்புக் கோலை கொட்டகைக்கு வெளியே தூரத்து அடுப்பில் காய்ச்சி, நவச்சாரக் கட்டியில் தேய்த்து முனையைச் சுத்தம் செய்து, கனல் அடங்கிய சூட்டோடு எடுத்து வருவோம். தகட்டில் முதலில் துத்தநாகத் துண்டு போட்டுத் தணித்த ஆசிட்டைத் தடவினால் ஈயம் தண்ணீர் மாதிரி பரவிப் பிடிக்கும். ஓட்டை மேல் வெறும் ஈயத்தை அப்பாமல், ஈயம் பூசிய மெல்லிய தகட்டை மேலே வைத்து அதன் விளிம்புகளை ஈயத்தால் மூட வேண்டும். ரேடியேட்டர் பற்றுவைப்பவர்களிடம் இன்னும் இந்தக் கை இருக்கிறது. அவர்களோடு இது போய்விடக் கூடாது. உள்ளே ஊற்றிச் சுழற்றும் எபாக்ஸி பூச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. சரியாகச் சுத்தம் செய்யாத தகட்டில் அது தோலாக உரிந்து வந்து லைனை அடைக்கும்.

பெட்ரோல் லைன் காய்ந்தது உறுதியான பிறகே துருவுக்குப் போனோம். முன்பு சொன்ன வித்தியாசம் இங்கேதான். ஹெரால்டின் சேஸில் இருபுறமும் பக்கக் கம்பிகள் உண்டு. ஸ்பிட்ஃபயரில் அவை கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிதான், நம்மூர் டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்பார்கள், பாடியின் முதுகெலும்பு. மேலே கூரையும் இல்லாத வண்டி. அந்தப் பெட்டி அரித்தால் வண்டி நடுவில் தொங்கும். கதவு திறக்கும்போது பின் தூணில் உரசும். கதவு கீலைச் சரிசெய்யச் சொல்லி வருகிற ஸ்பிட்ஃபயர்களில் பாதிக்குக் கீலில் குற்றமே இருக்காது.

துணி சுற்றிய காந்தத்தை நகர்த்திக்கொண்டே போனால் பட்டி பூசிய இடத்தில் பிடிக்காமல் நழுவும். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு டங்கென்று பதில் சொல்லும், மக்கிய தகடு பொத்தென்று அமுங்கும். இந்த வண்டியின் இடதுபக்கச் சில் முழுக்கப் பட்டி. மேலே யாரோ தார் பூச்சு அடித்து, தண்ணீர் வடிவதற்கென்று ஆலையில் விட்ட ஓட்டைகளையும் சேர்த்து அடைத்திருந்தார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. வெட்டியபோது வண்டல் மண் கொட்டியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற பல வண்டிகளில் இதே மண்ணைப் பார்த்திருக்கிறேன். கழுவிவிட்டோம் என்று வெளித்தோலை மட்டும் கழுவியிருப்பார்கள்.

சில்லை வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளிகளை அளந்து குறித்துக்கொண்டு, முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவில் இரும்புக் கம்பியைக் குறுக்கே கட்ட வேண்டும். வண்டி சேஸில் தாங்கி நிற்க வேண்டும், பாடியில் தாங்கக் கூடாது. கட்டாமல் வெட்டினால் அந்த நொடியே பாடி வளையும். அப்புறம் எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது. ஒரு பக்கம் முடித்து, கதவை மாட்டி மூடிப்பார்த்த பிறகே மறுபக்கம். கெட்ட தகட்டின் மேல் புதுத் தகட்டை ஒட்டவைப்பது எங்கும் நடக்கிற வேலை. இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும், துரு இரட்டிப்பாகும். தகடு வெள்ளையாகத் தெரியும் வரை வெட்டியெறிய வேண்டும். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் பாடியில் போல்ட் ஆகும் மூலையை வெட்டிப் புதிதாகக் கட்டினோம். அது பிய்ந்தால் ஓட்டத்தில் பின் சக்கரம் திசை மாறும். அந்த மூலை சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டுக்கு அடியில் இருப்பதால் வாங்குகிறவர் யாரும் பார்ப்பதில்லை. ஸ்பிட்ஃபயர் வாங்கப் போகிறவர் முதலில் அங்கேதான் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பார்க்க வேண்டும்.

சிஓ2 வெல்டிங்கில் துண்டு துண்டாகத் தைத்தோம், ஒரே இழுப்பில் இழுத்தால் தகடு நெளியும். ஒட்டும் விளிம்புகளுக்கு ஜிங்க் பிரைமர். பெயிண்ட் முடிந்த பிறகு, நல்ல வெயில் நாளில் பெட்டிகளுக்குள் மெழுகு பீய்ச்சினோம். வெயிலில் மெழுகு இளகி எல்லா மூலைக்கும் ஓடும். சென்னை வெயில் துருவேலைக்குச் செய்யும் ஒரே உபகாரம் இது. வடிகால் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுத் திறந்துவைத்தோம்.

கல்யாணத் தேதிக்கு வண்டி தயாராகவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் வேறு வண்டியில் போனார்கள். வண்டிக்காரர் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. பிறகு மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்து, சீட்டுக்குப் பின்னால் தலையைக் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் வரலை மேஸ்திரி" என்றார். எனக்கு அதற்கு மேல் ஒரு சான்றிதழ் வேண்டாம்.

இன்றைக்கு இந்தப் பேச்சு முன்னைவிட அவசரமாகிவிட்டது. 2023-இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இங்கே விற்பனைக்கு வந்தது. இப்போது பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் கிடைப்பதே அதுதான். எத்தனால் அந்தக் காலத்து ரப்பரை உப்பவைத்து இளக்கிவிடும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்க் அடியில் அந்த ஈரம் துருவாக மாறும். 60-களிலும் 70-களிலும் செய்த எந்த வண்டியும் இதற்காகச் செய்யப்பட்டதில்லை. ஹெரால்டோ ஃபியட்டோ அம்பாசிடரோ எதுவாக இருந்தாலும், டேங்க் முதல் கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் ஹோஸ் அத்தனையையும் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று மேலே அச்சடித்திருக்கும் ஹோஸாக மாற்றுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று அச்சில்லாத கறுப்பு ஹோஸைக் கொடுத்தால் வாங்காதீர்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலிசெய்து காயவைத்து ஆயில் தடவி வையுங்கள். பெயிண்டர் கடைக்குப் போகவிருக்கும் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து இந்த வாரமே இதைச் செய்யுங்கள். அதுவரை, வாசனை வரும் வண்டியில் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.